கேப்டன் மகேந்திர நாத் முல்லாவும் ஐ.என்.எஸ். குக்ரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 4ஆம் தேதி கடற்படை தினம் வந்ததும் கேப்டன் முல்லாவின் படம் சமூக ஊடகங்களில் சுற்றத் தொடங்கும். கூடவே அதே சந்தேகங்களும் வரும். 1971 போரின் கராச்சித் தாக்குதலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு ஐந்து நாள் கழித்து குக்ரி மூழ்கி 194 பேரை இழந்த இரவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு படமும் இரண்டு வரியும்தான். அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்து இங்கே பதில் தொகுத்திருக்கிறோம்.

1. யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மகேந்திர நாத் முல்லா 1926 மே 15 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் பிறந்தவர். இந்தியக் கடற்படை அதிகாரி. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பலின் தலைவராக இருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 9 இரவு, குஜராத் கரையோரம் உள்ள டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், பாகிஸ்தான் நீர்மூழ்கியான ஹாங்கோர் எய்த டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் ஆயுதம்) குக்ரியைத் தாக்கியது. தன் ஆட்களைக் கப்பலிலிருந்து வெளியேற்றிக்கொண்டே இருந்த முல்லா கப்பலோடு மூழ்கினார். அப்போது அவருக்கு வயது 45. மனைவியும் இரண்டு மகள்களும் இருந்தார்கள். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

2. முல்லா என்றால் முஸ்லிமா?

இல்லை. காஷ்மீரி பண்டிதர் குடும்பம். அந்தச் சமூகத்தில் முல்லா என்ற குடும்பப் பெயர் உண்டு.

3. ராணுவத்தில் கேப்டன் என்றால் சின்ன பதவிதானே? அப்படியென்றால் ஜூனியர் ஆளா?

தரைப்படையின் கேப்டனும் கடற்படையின் கேப்டனும் ஒன்றல்ல. தரைப்படைக் கேப்டனுக்குச் சமமான கடற்படைப் பதவி லெப்டினன்ட். கடற்படையில் கேப்டன் என்பது தரைப்படையின் கர்னலுக்கு இணை. அங்கே வருவதற்குப் பல ஆண்டு சேவை வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஒரு கப்பலை நடத்துபவர் எந்தப் பதவியில் இருந்தாலும் அந்தக் கப்பலின் ஆட்கள் அவரைக் கேப்டன் என்றே சொல்வார்கள். முல்லா பதவியிலும் கேப்டன், பொறுப்பிலும் கேப்டன். அதோடு குக்ரி சேர்ந்திருந்த 14ஆவது ஃபிரிகேட் ஸ்குவாட்ரனுக்கும் (ஃபிரிகேட் என்ற வகைப் போர்க்கப்பல்களின் அணி) அவர்தான் தலைவர். ஆகவே அன்றிரவு கூடச் சென்ற ஐ.என்.எஸ். கிர்பானும் அவர் பொறுப்பில்தான் இயங்கியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் 9, 13ஆம் கேள்விகளின் பதில்கள் தெளிவாகும்.

4. குக்ரிக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?

1946 ஜனவரியில் கேடட்டாகச் சேர்ந்தார். அப்போது அது ராயல் இந்தியன் நேவி. பயிற்சியை முடித்து 1948 மே 1 அன்று அதிகாரியானார். நாடு விடுதலை பெற்றதும் கடற்படை இரண்டாகப் பிரிந்ததும் அவருடைய பயிற்சிக் காலத்திலேயே நடந்தவை. பிற்காலத்தில் அவரை எதிர்த்து நின்ற கடற்படையும் அதே பழைய படையிலிருந்து பிரிந்ததுதான்.

ஐ.என்.எஸ். கிருஷ்ணாவில் எக்ஸிக்யூட்டிவ் ஆபீசராக, அதாவது கப்பலின் இரண்டாம் நிலைத் தலைவராக இருந்தார். ஐ.என்.எஸ். ராணா என்ற டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பலை நடத்தினார். லண்டனில் இந்தியத் தூதரகத்தில் துணைக் கடற்படை ஆலோசகராகப் பணியாற்றினார். மும்பையின் கரைத்தளமான ஐ.என்.எஸ். ஆங்கரேயின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1971 பிப்ரவரியில் குக்ரிக்கு வந்தார். சட்ட ஞானம் உள்ளவர் என்பதால் ராணுவ நீதிமன்ற விசாரணைகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட அவரை அழைப்பார்கள். அவரைப் பற்றிய குறிப்புகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிக்கலில் மாட்டிய மாலுமிக்காக எழுந்து நின்று பேசும் அதிகாரி எல்லாப் படையிலும் கிடைத்துவிட மாட்டார்.

5. குக்ரி பெரிய கப்பலா?

இல்லை, சின்னது. பிரிட்டனில் வைட் தீவில் உள்ள கௌஸ் என்ற ஊரில் கட்டப்பட்டு, 1956இல் நீரில் இறக்கப்பட்டு, 1958இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. பிரிட்டிஷார் டைப் 14, பிளாக்வுட் வகுப்பு என்று அழைத்த ஃபிரிகேட். நீளம் சுமார் 94 மீட்டர். எடை முழுச் சுமையோடு ஏறத்தாழ 1,450 டன். கிர்பான், குட்டார் ஆகிய இரண்டும் அதே வகையில் இந்தியா வாங்கிய மற்ற கப்பல்கள்.

நீர்மூழ்கி வேட்டை ஒன்றுக்காகவே செலவைக் குறைத்துக் கட்டிய வகை இது. ஒரே ஒரு புரொப்பெல்லர். பெரிய பீரங்கி கிடையாது, 40 மி.மீ. போஃபர்ஸ் துப்பாக்கிகள் மட்டும். முக்கிய ஆயுதம், மூன்று குழல்கள் கொண்ட லிம்போ மார்ட்டர் இரண்டு. நீருக்குள் வெடிக்கும் குண்டுகளை அது சுமார் 900 மீட்டர் வரை வீசும். இந்த 900 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. போரில் நாம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தோமே. இந்தக் கப்பல் அங்கே எதற்குப் போனது?

டிசம்பர் 3 மாலை போர் தொடங்கியது. 4ஆம் தேதி இரவு இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. 8ஆம் தேதி இரவு மறுபடியும் தாக்கின. கடலின் மேற்பரப்பில் இந்தியாவின் கை ஓங்கியிருந்தது உண்மை. ஆனால் நீருக்கடியில் நிலைமை அப்படியில்லை. பாகிஸ்தானிடம் பிரான்சிலிருந்து அப்போதுதான் வாங்கிய டாஃப்னே வகை நீர்மூழ்கிகள் மூன்று இருந்தன: ஹாங்கோர், ஷுஷுக், மாங்ரோ. இந்திய மேற்குக் கரையோரம் ஹாங்கோர் சுற்றிக்கொண்டிருந்தது.

நீர்மூழ்கி தன் தலைமையகத்தோடு பேச வேண்டுமானால் ரேடியோ அலை அனுப்பியாக வேண்டும். அப்படி அனுப்பிய சமிக்ஞையை இந்தியக் கேட்பு நிலையங்கள் பிடித்து, டையூவுக்குத் தென்மேற்கே ஒரு நீர்மூழ்கி இருக்கிறது என்று கணித்தன. அதை வேட்டையாடப் பம்பாயிலிருந்து 14ஆவது ஸ்குவாட்ரன் அனுப்பப்பட்டது. குட்டார் பாய்லர் அறை விபத்தால் முடங்கியிருந்ததால் குக்ரியும் கிர்பானும் மட்டுமே சென்றன. நீர்மூழ்கியைத் தேடுவதில் கப்பல்களின் எண்ணிக்கைக்கு அர்த்தம் அதிகம். ஒரு கப்பல் சோனாரில் (ஒலியைக் கொண்டு நீருக்குள் தேடும் கருவி) பிடித்து வைத்திருக்க, இன்னொன்று தாக்கும். மூன்றாவது தப்பும் வழியை அடைக்கும். இரண்டு கப்பலை வைத்து இதைச் செய்வது கடினம்.

7. டிசம்பர் 9 அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள்.

9ஆம் தேதி காலையிலேயே ஹாங்கோர் இந்த இரண்டு கப்பல்களையும் தூரத்தில் கண்டுகொண்டது. பகல் முழுவதும் நெருங்க முயன்றது. கப்பல்கள் ஒரு குறிப்பிட்ட கடல் பரப்பைச் சதுரம் சதுரமாகத் தேடிக்கொண்டிருந்தன. அந்தத் தேடலின் பாதையைக் கணித்த ஹாங்கோரின் தலைவர் கமாண்டர் அகமது தஸ்னீம், இருட்டிய பிறகு அவை வரவேண்டிய வழியில் போய்க் காத்திருந்தார்.

இந்தியக் கணக்கில் இரவு சுமார் 8.50. முதல் டார்பிடோ கிர்பானை நோக்கி எய்யப்பட்டது. அது வெடிக்காமல் போனது. இரண்டாவது குக்ரிக்கு எய்யப்பட்டது, அடியில் வெடித்தது. மூன்றாவதும் கிர்பானை நோக்கிப் போனது. குக்ரியில் பணிமுறையில் இல்லாத பலர் அந்த நேரத்தில் வானொலிச் செய்தி கேட்கக் கீழ்த்தளத்தில் கூடியிருந்ததாகத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கப்பல் சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது.

பாகிஸ்தான் எழுத்துகளில் நேரம் வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடும்.

8. நீர்மூழ்கியைப் பிடிக்கப் போன கப்பலே அதனிடம் மாட்டியது எப்படி?

யார் முதலில் யாரைக் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேற்பரப்புக் கப்பலின் சோனார் நீருக்குள் ஓர் ஒலியை அனுப்பி, அது நீர்மூழ்கியில் பட்டுத் திரும்புவதைக் கேட்கும். ஒலி போய்த் திரும்ப வேண்டும், இரண்டு பயணம். நீர்மூழ்கி ஒலியே எழுப்பாமல் காத்திருந்து, கப்பலின் எஞ்சின், புரொப்பெல்லர், அது அனுப்பும் சோனார் ஒலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கு ஒலி ஒரு முறை வந்தால் போதும். எனவே கப்பல் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே நீர்மூழ்கிக்குக் கப்பல் தெரிந்துவிடும்.

அரபிக்கடலின் வெதுவெதுப்பான நீர் இதை இன்னும் மோசமாக்கியது. மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று அடுக்கடுக்காக இருக்கும்போது சோனார் ஒலி நேராகப் போகாமல் கீழ்நோக்கி வளைந்துவிடும். வளைவுக்கு அப்பால் இருக்கும் நீர்மூழ்கி சோனாரில் விழாது. குளிர்ந்த வட அட்லாண்டிக்கை மனத்தில் வைத்து வடிவமைத்த 1950களின் சோனார், நம் கடலில் சில ஆயிரம் மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதாக இல்லை. கண்டுபிடித்தாலும் 5ஆம் பதிலில் சொன்ன லிம்போ 900 மீட்டருக்குள்தான் எட்டும். டார்பிடோவோ பல ஆயிரம் மீட்டர் தூரத்திலிருந்து வரும், அதுவும் கப்பலின் ஒலியைத் தேடிக்கொண்டே வரும். அதாவது, குக்ரி திருப்பி அடிக்கக்கூடிய தூரத்துக்கு வருவதற்கு முன்பே, அடிபடக்கூடிய தூரத்துக்குள் பல முறை வந்துபோயிருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்க வேண்டியது ஆகாயத்திலிருந்து சோனாரை நீரில் இறக்கித் தேடும் ஹெலிகாப்டர். சீ கிங் ஹெலிகாப்டர்கள் 1971இல்தான் இந்தியாவுக்கு வரத் தொடங்கியிருந்தன. குக்ரி போன்ற சின்னக் கப்பலில் அவை இறங்க இடமும் கிடையாது.

9. மெதுவாகப் போனதால்தான் அடி விழுந்தது என்கிறார்களே? அப்படியானால் கேப்டனின் தப்புதானே?

வேகம் பற்றிய பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. சோனார் கேட்கும் தூரத்தைக் கூட்ட லெப்டினன்ட் வி.கே. ஜெயின் என்ற இளம் அதிகாரி ஒரு கருவியை உருவாக்கி, குக்ரியில் சோதித்துக்கொண்டிருந்தார். அவரும் அன்றிரவு உயிரிழந்தார். அந்தச் சோதனைக்குக் கப்பல் மெதுவாகப் போக வேண்டும், ஏனென்றால் வேகம் கூடினால் கப்பலின் சொந்த இரைச்சலே சோனாரை மூடிவிடும். குக்ரி மணிக்குச் சுமார் 12 கடல் மைல் வேகத்தில் போனதாகச் சொல்லப்படுகிறது.

வேகமாகப் போனால் டார்பிடோ அடிப்பது கடினம், ஆனால் சோனார் செவிடாகிவிடும். மெதுவாகப் போனால் கேட்கலாம், ஆனால் குறிவைக்க எளிது. வேட்டைக்குப் போன எந்த ஃபிரிகேட் தலைவருக்கும் இதில் மூன்றாவது வழி இல்லை. தேடிக் கண்டுபிடி என்ற கட்டளையோடு சென்றவர் தேடுவதற்கேற்ற வேகத்தைத் தேர்ந்தெடுத்தார். வளைந்து நெளிந்து போயிருக்கலாம், பாதையை அடிக்கடி மாற்றியிருக்கலாம் என்று பின்னால் வந்த அதிகாரிகள் விவாதித்திருக்கிறார்கள். நியாயமான விவாதம்தான். ஆனால் பழைய சோனாரோடு இரண்டே கப்பலை ஒரு நவீன நீர்மூழ்கிக்கு எதிரே அனுப்பிய முடிவு அவருடையது இல்லை. பழியை முழுக்க அவர் தோளில் ஏற்றுவது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

10. சில நிமிஷத்தில் ஒரு கப்பல் எப்படி மூழ்கும்? ஏன் அவ்வளவு பேரால் வெளியே வர முடியவில்லை?

டார்பிடோ பக்கத்தில் ஓட்டை போடுவதைவிட அடியில் வெடிப்பதே கொடூரம். வெடிப்பில் உருவாகும் வாயுக் குமிழ் கப்பலின் நடுவை மேலே தூக்கி, உடனே தாங்கலில்லாமல் விட்டுவிடும். கப்பலின் முதுகெலும்பான கீல் முறிந்துவிடும். 1,450 டன் கப்பலுக்கு அதைத் தாங்கும் உடம்பு கிடையாது.

வெடித்ததும் மின்சாரம் போய்விடும். கீழ்த்தளங்களில் கும்மிருட்டு. மேலே வருவதற்கு ஆளொருவர் மட்டுமே ஏறக்கூடிய செங்குத்தான இரும்பு ஏணிகளும் குறுகலான திறப்புகளும்தான் வழி. கப்பல் சாயத் தொடங்கினால் ஏணியும் சாயும், திறப்பை நோக்கி எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், அதற்குள் நீரும் வரும். அது சாப்பாட்டு நேரத்தை ஒட்டிய வேளை என்பதால் கீழே இருந்தவர்கள் அதிகம். லைஃப் ஜாக்கெட்டைத் தேடி எடுக்கவும் படகுகளை முறையாக இறக்கவும் அவகாசம் இல்லை. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். 67 பேர் பிழைத்தார்கள்.

11. கேப்டன் கப்பலோடு சாக வேண்டும் என்று கடற்படையில் சட்டம் இருக்கிறதா?

இல்லவே இல்லை. கேப்டன் கடைசியாக வெளியேற வேண்டும் என்பதுதான் மரபு. வெளியேறக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. 1982இல் அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ மூழ்கடிக்கப்பட்டபோது 323 பேர் இறந்தார்கள். அதன் கேப்டன் எக்டர் பான்ஸோ உயிரோடு திரும்பினார். அதற்காக அவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

ஆகவே முல்லா மரபுக்காக உயிரை விட்டார் என்று எழுதுவது அவர் செய்த வேலையைக் குறைத்துவிடும். விருதுக் குறிப்பின்படி, கப்பல் தேறாது என்று தெரிந்ததும் வெளியேறும்படி உத்தரவிட்டார். பதற்றமில்லாமல் ஆட்களை வெளியேற்றும் வேலையை மேற்பார்வையிட்டார். தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார். முடிந்தவரை பலரைக் கப்பலைவிட்டு அனுப்பிய பிறகு, இன்னும் யாரைக் காப்பாற்றலாம் என்று பார்க்க மறுபடியும் பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை நடத்தும் மேல்தளத்துக்கு, போனார். உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் வேலையை முடிக்கத் திரும்பிப் போனார். முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது.

12. நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார் என்று படித்தேன். உண்மையா?

தப்பியவர்களின் வாய்மொழியில் அப்படி ஒரு விவரம் உண்டு. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார் என்று சொன்னவர்களும் உண்டு. நீரில் குதிக்கத் தயங்கிய இரண்டு அதிகாரிகளை அவரே தள்ளிவிட்டார் என்பதும் தப்பியவர்கள் சொன்னதே. இருட்டில், எண்ணெய் மிதக்கும் நீரில் உயிருக்குப் போராடியபடி வேறு வேறு இடங்களிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். ஒருவர் பார்த்தது இன்னொருவர் பார்த்ததோடு பொருந்தாததில் வியப்பில்லை. யாரும் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டியதுமில்லை.

பள்ளியில் பேசவோ எழுதவோ போகிறவர்கள் 11ஆம் பதிலில் உள்ள விவரங்களை உறுதியாகச் சொல்லலாம். சிகரெட்டைச் சொல்வதானால் ‘தப்பியவர்கள் சிலர் சொன்னது’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய கடைசி வார்த்தைகள் என்று மேற்கோள் குறிக்குள் சுற்றும் வசனங்களை விட்டுவிடுங்கள்.

13. பக்கத்திலேயே இருந்த கிர்பான் ஏன் காப்பாற்றவில்லை? ஓடிவிட்டதா?

கேட்கும்போது மனம் வலிக்கும் கேள்வி. ஆனால் நீர்மூழ்கிப் போரில் அடிபட்ட கப்பலின் அருகே இன்னொரு கப்பல் நின்று ஆட்களை ஏற்றுவது, நீர்மூழ்கிக்கு அசையாத இரண்டாவது இலக்கைக் கொடுப்பது போன்றது. 1914 செப்டம்பரில் பிரிட்டனின் அபுகிர் தாக்கப்பட்டதும் உதவப் போய் நின்ற ஹோக், கிரெஸ்ஸி என்ற கப்பல்களையும் அதே ஜெர்மன் நீர்மூழ்கி ஒரே காலைப் பொழுதில் மூழ்கடித்தது. சுமார் 1,450 பேர் இறந்தார்கள். உலகக் கடற்படைகள் எல்லாம் அந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன.

7ஆம் பதிலில் சொன்னபடி கிர்பான் மீதும் டார்பிடோ எய்யப்பட்டது. அது விலகிச் சென்று, பிறகு ஐ.என்.எஸ். கச்சால் என்ற இன்னொரு கப்பலோடு திரும்பி வந்தது. மறுநாள்தான் தப்பியவர்கள் கடலிலிருந்து மீட்கப்பட்டார்கள். கிர்பானும் சேதமடைந்தது என்று பாகிஸ்தான் தரப்பில் சொல்வதை இந்தியத் தரப்பு ஏற்கவில்லை. அன்றிரவு மிதந்துகொண்டிருந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்த விளக்கம் ஆறுதலாக இருக்காது என்பதையும் நாங்கள் அறிவோம்.

14. ஹாங்கோர் என்ன ஆனது? பிடித்தோமா?

பிடிக்கவில்லை. அடுத்த சில நாட்கள் இந்தியக் கப்பல்களும் விமானங்களும் கடுமையாகத் தேடின, குண்டுகள் வீசின. தப்பிக் கராச்சி போய்ச் சேர்ந்தது. தஸ்னீமுக்குச் சிதாரா-இ-ஜுர்அத் விருது கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற ஹாங்கோர் இன்று கராச்சியில் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்த முதல் போர்க்கப்பல் குக்ரிதான். அடுத்தது மேலே சொன்ன பெல்கிரானோ.

15. விசாகப்பட்டினத்தில் மூழ்கியது குக்ரி இல்லையா?

இல்லை. அங்கே மூழ்கியது பாகிஸ்தானின் காஸி என்ற நீர்மூழ்கி, 1971 டிசம்பர் 3-4 நள்ளிரவில். விக்ராந்த் விமானந்தாங்கியைத் தேடி வங்காள விரிகுடாவுக்கு வந்தது அது. இரண்டு நிகழ்வுக்கும் இடையே ஐந்தாறு நாள் இடைவெளி, வேறு வேறு கடல்.

16. இவ்வளவு செய்தவருக்குப் பரம்வீர் சக்ரா ஏன் இல்லை?

போர்க்கால வீர விருதுகளில் பரம்வீர் சக்ரா முதலாவது, மகாவீர் சக்ரா இரண்டாவது. இதுவரை கடற்படையிலிருந்து யாருக்கும் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டதில்லை. ஆகவே இது முல்லாவுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. 2000ஆம் ஆண்டு வீர விருது பெற்றவர்களுக்கான வரிசையில் அவருக்கு அஞ்சல்தலை வெளியானது. மும்பை நேவி நகரில் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

17. டையூ போனபோது குக்ரி கப்பலைப் பார்த்தேனே. மூழ்கியதை எடுத்துவிட்டார்களா?

நீங்கள் பார்த்தது இரண்டாவது குக்ரி. மூழ்கிய கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்கு வைப்பது கடற்படை வழக்கம். மும்பை மசகான் டாக்கில் கட்டிய ஏவுகணைக் கப்பல் ஒன்று 1989 ஆகஸ்ட் 23 அன்று அதே பெயரோடு சேவைக்கு வந்தது. 32 ஆண்டு உழைத்து 2021 டிசம்பர் 23 அன்று ஓய்வு பெற்றது. 2022 ஜனவரியில் டையூ நிர்வாகத்திடம் அருங்காட்சியகமாக ஒப்படைக்கப்பட்டது. கிர்பான் பெயரிலும் புதிய கப்பல் வந்தது. அது 2023இல் வியட்நாமுக்குக் கொடுக்கப்பட்டது.

1971இன் குக்ரி கடலடியிலேயே கிடக்கிறது, தன் ஆட்களோடு. டையூவில் சக்கரதீர்த்தக் கடற்கரைக்கு அருகே, கடலைப் பார்த்த மேட்டில் 1999இல் திறந்த நினைவிடம் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் பழைய குக்ரியின் மாதிரி உருவம் நிற்கும். டையூ போகிறவர்கள் அருங்காட்சியகக் கப்பலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு இடம். குஜராத்தின் உனா ஊரிலிருந்து சாலை வழியாக டையூவுக்கு எளிதில் வரலாம். இந்த மேட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.